குடல் பாக்டீரியாவுக்கு மாவுச்சத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடலில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாவை மாவுச்சத்து கொடுத்துப் பேண நினைப்பவர்கள் ஆலோசனைக்கு வரும்போது, எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்றே முதலில் விசாரிக்கிறேன். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சரியான பதில் வந்துவிடும். இரண்டாவதற்குத்தான், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் வரிசையாக வந்து நிற்கும். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, நான்கே நாளில் பலன் தேடுவது போன்றவை சொல்லாமலே விளங்கும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சை மாவைச் சூடாக்குவது

இந்த ஒரு தவறுக்கு நான் கொடுத்த விலை நான்கு மாதங்கள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பொட்டலத்தை வாங்கி, ஒவ்வொரு மாலையும் கொதிக்கும் சூப்பில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, போதாக்குறைக்கு நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்சூல் ஒன்றைப் பிரித்து அதன்மேலேயே தூவிக் குடித்து வந்தேன். சூப் கெட்டியாவதைப் பார்த்து மாவு தரமானது என்று மகிழ்ந்தது வேறு இருக்கிறது. உண்மையில், நான் வாங்கிய பண்பு அந்த மாவை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அந்தக் கெட்டித்தன்மையே அடையாளம்.

சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மாவுச்சத்தை ஹான்ஸ் எங்லிஸ்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982-இல் 'ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்' என்று பெயரிட்டார்கள். பச்சை உருளைக்கிழங்கு மாவின் ஒவ்வொரு துகளும் நெருக்கமாக அடுக்கப்பட்ட படிக அமைப்புடன் இருப்பதால், மாவைச் செரிக்கும் நமது அமைலேஸ் நொதியால் எளிதில் உள்ளே நுழைய முடிவதில்லை. ஆனால் தண்ணீரில் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் அத்துகள்கள் நீரை உறிஞ்சி, உப்பி, உடைந்துவிடும். பிறகு அது சாதாரண மாவுதான். சிறுகுடலே அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் சேர்த்துவிடும், பெருங்குடலில் காத்திருப்பவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். குளிர்ந்த நீரில் கலக்கிய மாவு பால்போல் வெண்மையாக இருந்து, சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். படிந்ததைக் கிளறப் போனால் கரண்டியோடு முரண்டு பிடிக்கும். கொதிநீர் ஊற்றியதோ வெண்மை மறைந்து, ஒளி ஊடுருவும் பசையாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும். படிவதுதான் பாக்டீரியாவுக்குப் போகும் மாவு. பசையாவது நமக்கே செரித்துவிடும்.

இத்தனை எளிதாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை, சூடான பாலில் கலக்கிக் குடியுங்கள் என்றும், பிஸ்கட்டாகச் சுட்டுச் சாப்பிடுங்கள் என்றும் இன்றும் அறிவுரையாகப் பரப்புகிறார்கள் என்பதே எனக்கு எரிச்சல். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இரண்டு மாதங்கள் இப்படிச் சூடான பாலில் குடித்துவிட்டு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு ஏன் ஏறுகிறது என்று என்னிடம் கேட்டார். பாக்டீரியாவுக்கு என்று நினைத்து அவர் தமக்கே தினமும் கூடுதல் மாவு ஊட்டிக்கொண்டிருந்தார். கேப்சூலின் கதையும் அதேதான்: உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001-இல் தந்த வரையறைப்படி புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர்; கேப்சூல்களில் வழக்கமாக இருக்கும் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகிய பாக்டீரியா கொதிக்கும் சூப்பில் பிழைப்பதில்லை. உணவும் உண்பவையும் ஒரே கிண்ணத்தில் அழிந்தன என்று இப்போது சிரிக்க முடிகிறது. இரண்டையும் குளிர்ந்த நீரிலோ தயிரிலோ சேருங்கள்.

இதைக் கேட்டவுடன் சிலர் மறுபக்கம் சாய்ந்து, சமைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கையும் சோற்றையும் மறுபடி சூடாக்கவே அஞ்சுகிறார்கள். அது தேவையற்ற அச்சம். ஆறும்போது மாவில் உள்ள அமைலோஸ் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் புதிய படிகங்கள் உருக, நீரின் கொதிநிலையைவிட அதிக வெப்பம் வேண்டும். ஆகவே மறுபடி சூடாக்கினால் அந்தப் பகுதி நிலைத்தே நிற்கும். பச்சைத் துகளின் படிகமும் ஆறிய சோற்றின் படிகமும் வெவ்வேறானவை. அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவும் உருளைக்கிழங்கு மாவைவிட அதிக வெப்பம் தாங்கும் என்பதால்தான் ரொட்டித் தயாரிப்பில் அதைச் சேர்க்கிறார்கள்.

கேப்சூலில் உள்ளதே மாவை உண்ணும் என்று எண்ணுவது

லாக்டோபேசிலஸ் வகைகளில் பெரும்பாலானவற்றால் இந்தக் கடினமான மாவை உடைக்க இயலாது. முதலில் உடைத்துத் திறப்பவை ரூமினோகாக்கஸ் புரோமியை, பிஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ் போன்ற சிலவே. அவை சிதறவிடும் சர்க்கரைத் துண்டுகளையும் அசிட்டேட், லாக்டேட் போன்ற அமிலப் பொருள்களையும் கொண்டு பிற பாக்டீரியா வாழ்ந்து, பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்தை உருவாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன என்பதால்தான் இவ்வளவு பாடும்.

ரூமினோகாக்கஸ் புரோமியை வழக்கமான கேப்சூல்களில் இருப்பதில்லை. அது உங்கள் குடலில் ஏற்கெனவே குடியிருந்தால்தான் உண்டு. ஒரே மாவை ஒரே அளவில் உண்ட இருவரில் ஒருவருக்குப் பியூட்டிரேட் உயர்வதும் மற்றவருக்கு அசையாமல் இருப்பதும் இதனால் நேர்கிறது. பல வாரங்கள் கடந்தும் மாற்றமே தெரியாவிட்டால், நான் அளவைக் கூட்டச் சொல்வதில்லை. மாவின் வகையை மாற்றச் சொல்கிறேன், அதாவது உருளைக்கிழங்கு மாவை நிறுத்திவிட்டுப் பருப்பு, பயறு வகைகளுக்கோ அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவுக்கோ போகச் சொல்கிறேன்.

முதல் நாளே முழு அளவு

ஆய்வுகளில் நாளொன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு அங்கேயே தொடங்காதீர்கள். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

வயிற்று உப்புசத்தை வெற்றியாகக் கொள்வது

அது அளவு மிகுந்துவிட்டது என்பதற்கான செய்தி.

பழுத்த வாழைப்பழத்தை நம்புவது

தோல் மஞ்சளாவதற்குள் மாவுச்சத்தின் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். காயாக இருக்கும்போது உண்பதுதான் கணக்கில் சேரும்.

ஆறவைப்பதற்காக மேசைமேல் விட்டுவிடுவது

சோற்றை ஆறவைத்து உண்ணுங்கள் என்று சொன்னால், இரவு முழுதும் பானையில் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் சூடாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையலில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தையே தாங்கக்கூடியது என்பதால், மறுபடி சூடாக்குவது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது. சமைத்ததை அகலமான தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 4 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மாவு விரைவாகப் படிகமாகும் என்பதால், இதில் இழப்பும் ஏதுமில்லை.

எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்வது

சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியவர்களும், குடல் அடைப்பு ஏற்பட்டவர்களும், குடல் அழற்சி தீவிரமாக உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மாவைவிட உயிருள்ள கேப்சூலே ஆபத்தாகக்கூடும். அவர்கள் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.