கோல்ட் ஏர் இன்டேக் மாட்டப் போகிறீர்களா? முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்

கோல்ட் ஏர் இன்டேக் என்பது, இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றுக்குப் பதில் குளிர்ந்த வெளிக்காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும் சேர்ந்த கிட். அதை ஆர்டர் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் படிக்கும் சின்னக் கருவி) ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் சொருகி, போன் ஆப்பில் ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை, எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் சீராக ஓடும்போது ஒரு முறை, அண்ணா சாலை சிக்னலில் மே மாத வெயிலில் ஐந்து நிமிடம் நிற்கும்போது ஒரு முறை. இரண்டையும் எழுதி வையுங்கள். கடைசியில் இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் பணம் உருப்படியாகச் செலவானதா என்று சொல்லும்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 10 டிகிரி குறைந்தால் அதே கன அளவில் சுமார் 3 சதவீதம் கூடுதல் காற்று இருக்கும், அதற்கேற்ப பெட்ரோலும் சேர்ந்து எரியும். அவ்வளவுதான் இதன் தத்துவம். ஆனால் இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்தே முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஹெட்லைட் பக்கத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் இழுக்கின்றன. கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்தில் திறந்தபடி மாட்டினால் சத்தம் அருமையாக வரும், உள்ளே போவதோ ரேடியேட்டர் சூடு ஏறிய காற்று. சென்னை டிராஃபிக்கில் இதனால் பிக்கப் குறையவும் வாய்ப்பு உண்டு. அதனால் வெப்பத் தடுப்புத் தகடோ மூடிய பெட்டியோ உள்ள கிட் மட்டும் வாங்குங்கள். டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் ஓரிரு குதிரைத் திறன் கூடினாலே நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு வகை, குழாயை நீளமாக இறக்கி பம்பருக்கு அடியில் ஃபில்டரை வைப்பது. குளிர்ந்த காற்று கிடைப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை, ஆனால் நம் ஊருக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு வெள்ளம்கூட வேண்டாம், ஃபில்டர் மூழ்கும் அளவுக்கு ஒரு பள்ளம் போதும், இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இதற்குப் பொதுவாகப் பணம் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் காரில் காற்றை அளப்பது எந்த சென்சார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயிலேயே இருந்தால் அது பெரும்பாலும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், அதாவது உள்ளே போகும் காற்றின் அளவை நேரடியாக அளப்பது. குழாய்க்குள் போகும் காற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் அது அளக்கும், மீதியை ஈ.சி.யு., அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளும். அதனால் சென்சார் உட்காரும் இடத்தில் புதுக் குழாயின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும், பெட்ரோல் குறைவாகப் பாயும், இன்ஜின் லீனாக, அதாவது காற்று அதிகமும் பெட்ரோல் குறைவுமாக, ஓடும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கும் காராக இருந்தால் இந்தக் கவலை குறைவு.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், நிழல் வேண்டும், முதல் முறை என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சென்சார் கப்ளரின் (ஒயர் சொருகும் பிளாஸ்டிக் இணைப்பின்) லாக்கை அழுத்திப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வருஷக்கணக்கில் சூட்டில் இருந்த பிளாஸ்டிக், சட்டென்று உடைந்துவிடும். அடுத்து பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக் குழாய்க்குக் கொண்டு வரும் சின்னக் குழாய்), த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப இன்ஜினுக்குள் காற்றைவிடும் வால்வு) பக்கத்துக் கிளாம்ப். பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அநேகமாகப் பத்து நம்பர் ஸ்பேனரில் வந்துவிடும், கீழே ரப்பரில் அழுந்தி இருக்கும், அதனால் நேராக மேலே தூக்குங்கள். வெளியே வந்த உடனே த்ராட்டில் பாடி வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் கதை வேறு.

சென்சாரைப் புதுக் குழாய்க்கு மாற்றும்போது அதன் மெல்லிய கம்பியில் விரல் படக் கூடாது. அதன் மேல் இருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், ஓ-ரிங் மடங்காமல் உட்கார வேண்டும். பிறகு த்ராட்டில் பாடியில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, எல்லாக் கிளாம்ப்பையும் லூசாகவே விட்டு முழு செட்டையும் பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே டைட் செய்தால் மறுபக்கம் கோணிக்கொள்ளும். ரேஸ் கொடுக்கும்போது இன்ஜின் அசையும், ஆகவே குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். பானட் இடிக்குமா என்று பார்க்க, உயரமான இடத்தில் ஒரு உருண்டை சப்பாத்தி மாவை வைத்து மெதுவாக மூடித் திறங்கள், எவ்வளவு நசுங்கியது என்று மாவே காட்டிவிடும். எல்லாம் சரி என்றால் த்ராட்டில் பாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக டைட் செய்யுங்கள். சிலிக்கான் ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம்.

பிரீதர் ஹோஸை இரண்டு முறை பாருங்கள். நான் முதல் முறை மாட்டியபோது அதைச் சொருகிவிட்டுக் கிளாம்ப் போடாமல் விட்டேன். மூன்றாம் நாள் கழன்றுவிட்டது. ஐடில் ஏறி இறங்கியது, செக் இன்ஜின் லைட் எரிந்தது, ஸ்கேனரில் பி0171, அதாவது கலவை லீன். சென்சார் அளக்காத காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. சென்சார் கெட்டுப்போனதோ என்று பயந்து இரண்டு நாள் தூங்கவில்லை, ஒரு கிளாம்ப்பில் சரியாகிவிட்டது.

த்ராட்டில் பாடியில் அடைத்த துணியை மறக்காமல் எடுத்துவிட்டீர்கள்தானே? இப்போது பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஒரு துண்டு ரப்பர் ஹோஸைக் காதில் வைத்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று, மறுமுனையை இணைப்புகள் பக்கம் கொண்டு போனால் காற்று கசியும் இடத்தில் ‘உஸ்’ என்று கேட்கும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாக் கிளாம்ப்பையும் இன்னொரு முறை பாருங்கள், சூட்டில் இளகியிருக்கும்.

அதன் பிறகு அதே சாலை, அதே சிக்னல், அதே போன்ற வெயில் நேரம், மறுபடியும் வெப்பநிலையைப் பாருங்கள். பழைய எண்ணைவிடக் கூடியிருந்தால் தடுப்புத் தகட்டின் ஓரங்களில் ரப்பர் பீடிங் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை) ஒட்டிப் பாருங்கள். அப்போதும் குறையவில்லையா, பழைய பெட்டியையே மாட்டிவிடுங்கள். அதற்காகவே அதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். வாரன்டி இருக்கும் காரென்றால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள்.

எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர், அதாவது கே அண்ட் என் போன்றவை, கழுவிப் பல முறை பயன்படுத்தலாம். ஆனால் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் எண்ணெய், அதுவும் மடிப்புக்கு ஒரு மெல்லிய கோடு மட்டும். அதிகம் விட்டால் அது சென்சார் கம்பியில் போய்ப் படியும். ஒரு ராத்திரி அப்படியே ஊறவிட்டு, காலையில் வெள்ளைத் திட்டு எங்காவது தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு சொட்டு.