பழைய ராக் ஆல்பத்தைச் சரவுண்டில் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே அதன் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஸ்பீக்கர்களுக்கான குவாட் மிக்ஸ் (தனித்தனியே பதிந்த ஒலிகளைக் கலந்து அமைக்கும் வடிவம்) ஒன்றைச் செய்தார். 2003இல் ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 மிக்ஸ், அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்-ஊஃபருக்குமான (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) மிக்ஸ், எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டில் வந்தது. 2011இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் இவை இரண்டும் சேர்ந்தே இடம்பெற்றன. 2023இல் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் மிக்ஸும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட மறுவெளியீடுகளை ஆசையோடு வாங்கியவர்களில் ஒரு சாரார் ‘இதில் என்ன பெரிய வித்தியாசம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். மற்றொரு சாரார் பழைய ஸ்டீரியோவை இனித் தொடவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு முடிவுகளுக்கும் காரணம் பெரும்பாலும் வட்டில் இல்லை, கேட்கும் முறையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும் இந்தச் சரவுண்ட் வடிவத்தைப் பழைய ஒலிப்பதிவைத் தூசு தட்டி மெருகேற்றிய பிரதியாக எண்ணுவது. ரீமாஸ்டர் என்றால் அப்படிச் சொல்லலாம். அங்கே ஏற்கெனவே முடிந்துபோன இரண்டு தடங்களின் மீதுதான் வேலை நடக்கிறது. ஆனால் கிதாரையும் குரலையும் ஆர்கனையும் தனித்தனியே பிரித்து அறையைச் சுற்றி நிறுத்த வேண்டுமானால், அவை தனித்தனித் தடங்களில் இருக்கும் மல்ட்டிட்ராக் டேப்புகளுக்கே திரும்பிப் போய், ஒலியளவு, எதிரொலி, பாடல் மங்கி முடியும் இடம் என ஒவ்வொன்றையும் புதிதாக முடிவு செய்தாக வேண்டும். ஆகவே சரவுண்டில் கிடைப்பது அதே வாசிப்பின் வேறொரு மிக்ஸ்.

இதனால் கிடைக்கும் லாபத்துக்கு ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ நல்ல உதாரணம். லண்டன் பேசிங் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி ஐலண்ட் நிறுவனம் அமைத்த ஸ்டுடியோவில் பதிவாகி 1971இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் ஒலி மங்கலானது என்ற குறை அப்போதிலிருந்தே உண்டு. மல்ட்டிட்ராக் டேப்புகளிலிருந்து இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்து 2011இல் வெளிவந்த புதிய மிக்ஸைக் கேட்டால், குறையின் பெரும்பகுதி பதிவில் அல்லாமல் அன்றைய மிக்ஸில்தான் இருந்தது என்பது விளங்கும்.

நஷ்டமும் உண்டு. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969இல் எட்டுத் தடங்கள் கொண்ட டேப்பில் பதிவானது. இடம் போதாததால் டிரம்ஸ் போன்றவற்றை அவ்வப்போது ஒன்றாகச் சுருக்கி, அடுத்த பதிவுக்கு இடம் ஒழித்தார்கள். 2009இல் வந்த மறுவெளியீட்டுக்காக வில்சன், சுருக்குவதற்கு முந்தைய சுருள்களைத் தேடியெடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். டிரம்ஸ் தெளிவாக விரிந்தது அதனால்தான். ஆனால் அதே மறுவெளியீட்டின் புதிய மிக்ஸில் ‘மூன்சைல்ட்’ பாடலின் நீண்ட பிற்பகுதியிலிருந்து சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. அலைந்து திரியும் அந்தப் பகுதியை விரும்பாதவர்கள் பலர் என்பது உண்மைதான் என்றாலும், புதியது வந்ததும் பழைய வட்டைக் கைமாற்றிவிட்டவர்கள் தாம் இழந்தது என்ன என்பதைத் தாமதமாகத்தான் அறிவார்கள்.

அடுத்த தவறு மிகப் பரவலானது, கண்டுபிடிக்கக் கடினமானதும்கூட: 5.1 கேட்பதாக நம்பிக்கொண்டு ஸ்டீரியோவைக் கேட்பது. எஸ்ஏசிடி வட்டுகள் பலவற்றில் சாதாரண சிடி அடுக்கும் இருப்பதால், அவற்றைச் சிடி பிளேயரில் போட்டாலும் பாட்டு வரும். வருவது இரண்டு தடங்கள் மட்டுமே. எஸ்ஏசிடி பிளேயரே இருந்தாலும், அதையும் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரையும் ஆப்டிகல் கேபிளால் இணைத்திருந்தால் பயனில்லை, ஏனெனில் அந்தக் கேபிள் அந்த வட்டின் பல தட ஒலியைக் கடத்தாது. எச்டிஎம்ஐ கேபிளோ, ஆறு தனித்தனி அனலாக் கேபிள்களோ வேண்டும். ப்ளூரே வட்டுகள் சில ஸ்டீரியோவிலேயே தொடங்கும். மெனுவுக்குப் போய் 5.1ஐத் தேர்ந்தெடுப்பது கேட்பவரின் பொறுப்பு. இவற்றையெல்லாம் மறைத்துவிடுவது ரிசீவரில் உள்ள வசதிதான்: இரண்டு தட ஒலியைத் தானே பிரித்து எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலிக்கவிடும் முறை இயக்கத்தில் இருந்தால், பின்னாலிருந்தும் சத்தம் வருவதால் எவருக்கும் சந்தேகம் எழாது. ரிசீவரின் முகப்பில் உள்ளே வரும் சிக்னல் எத்தனை தடங்கள் என்று காட்டும் குறியீட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காதாலும் சோதிக்கலாம். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் உள்ள ‘மணி’ (பணம்) பாடலின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டி, நாணயம், கிழிபடும் காகிதம் ஆகிய ஒலிகள், அளந்து வெட்டிய டேப் துண்டுகளை ஒட்டி வளையமாகச் சுழலவிட்டுச் செய்யப்பட்டவை. குவாட் மிக்ஸில் அவை அறையைச் சுற்றி வரவேண்டும் என்பதற்காகவே தனித்தனித் தடங்களிலும் பதியப்பட்டன. உண்மையான சரவுண்டில் ஒவ்வொரு ஒலியும் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று விரலை நீட்டிக் காட்ட முடியும். ரிசீவர் தானாகப் பிரித்த ஒலியில் அந்தத் துல்லியம் இருக்காது, எங்கும் பரவிய புகைபோலத்தான் இருக்கும். அதே ஆல்பத்தின் ‘டைம்’ பாடலின் கடிகாரங்களும் இதே சோதனைக்கு உதவும். அவற்றைப் பார்சன்ஸ் குவாட் ஒலியைச் செய்துகாட்டுவதற்காக, பழங்கடிகாரக் கடையொன்றில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருந்தார்.

ஸ்பீக்கர்களை வைக்கும் இடத்தில் நடக்கும் தவறு நம் வீட்டு ஹால்களின் அமைப்போடு சேர்ந்தே வருகிறது. சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் அதே சுவரில், சீலிங்குக்கு அருகே ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும். சினிமாவுக்கு இது ஓரளவு போதும், ஏனெனில் அங்கே பின்னாலிருந்து வருவது பெரும்பாலும் மழையும் வாகன இரைச்சலுமே. 5.1 இசையில் ஆர்கன், துணைக் குரல்கள், சில வேளைகளில் ஒரு முழுக் கிதாரே பின்னால் நிற்கும். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர் எதிரே நடு ஸ்பீக்கர், அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள், ஏறத்தாழ 110 பாகையில் பின் ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டும். அதாவது பின் ஸ்பீக்கர்கள் காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி வரும். உயரம் காது மட்டம். இதற்கெல்லாம் இடமில்லாத வீட்டில்கூட, சோபாவை இரண்டு மூன்று அடி முன்னால் இழுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து ரிசீவரில் பதிந்தாலே ஒலி நிலைக்கு வந்துவிடும். குவாட் மிக்ஸ் கேட்கும்போது நடு ஸ்பீக்கர் ஊமையாக இருப்பதைப் பழுது என்று எண்ணி அமைப்புகளைக் குடைய வேண்டாம். அந்த மிக்ஸில் நடுத் தடமே கிடையாது.

சப்-ஊஃபரை ஏற்றிவைப்பது சினிமாவிலிருந்து வந்த பழக்கம். இசை மிக்ஸ்களில் பேஸ் கிதாரின் பெரும்பகுதி முன் தடங்களிலேயே இருக்கும். சிறிய ஸ்பீக்கர்களால் முடியாத, 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எல்லைக்குக் கீழுள்ள ஒலியை ரிசீவர்தான் சப்-ஊஃபருக்கு அனுப்புகிறது. வெடிச்சத்தத்துக்காகக் கூட்டிவைத்த அளவிலேயே இதையும் கேட்டால், ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொடக்கத்தில் மெல்ல எழ வேண்டிய இதயத்துடிப்பு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். இரவு நேரத்துக்கென உள்ள ஒலி சமன்படுத்தும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதே அதன் வேலை.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன் செய்யாமல் விடுவது, நெடுங்காலம் கேட்டுப் பழகியவர்களையும் ஏமாற்றும். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் மேலானதாகவே படும். 1990களுக்குப் பிந்தைய ரீமாஸ்டர்கள் பல உரத்தவையாகவே செய்யப்பட்டன. ஐந்து ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டைவிட உரத்துக் கேட்பதும் இயல்பே. கைபேசியில் உள்ள டெசிபல் செயலி சரியான அளவைச் சொல்லாவிட்டாலும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல்லிவிடும்; இந்த வேலைக்கு அது போதும்.

எல்லா ஆல்பத்திலும் ஒலி சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பிங்க் ஃபிளாய்ட் 1967 மே மாதத்திலேயே லண்டன் குயீன் எலிசபெத் அரங்கில், ஒரு கைப்பிடியைத் திருப்பி ஒலியை அரங்கைச் சுற்றி நகர்த்தும் கருவியைப் பயன்படுத்திய குழு. அவர்களுடைய இசையில் கடிகாரம் முதுகுக்குப் பின்னால் அடிப்பது அந்த இயல்போடு ஒத்துப்போகிறது. ஸ்டீரியோவுக்காகவே உருவான ‘அக்வாலங்’ ஆல்பத்திடம் அதைக் கேட்பது முறையல்ல. அங்கே முன்வரிசை குலையாமல், பின்னால் அறையின் அதிர்வும் ஒன்றிரண்டு துணை வாத்தியங்களும் மட்டும் நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஹெட்ஃபோனில் அட்மாஸ் கேட்டுவிட்டு மிக்ஸையே எடைபோடுவதும் வேண்டாம். அது பல ஸ்பீக்கர்களின் விளைவை இரண்டு காதுகளுக்காகக் கணக்கிட்டுத் தரும் போலி வடிவம், ஸ்ட்ரீமிங்கில் வருவது ப்ளூரேயில் உள்ளதைவிட அதிகம் சுருக்கப்பட்டதும்கூட. வாங்கும் முன் பெட்டியின் பின்னட்டையைப் படிக்கும்போது 5.1 என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், அதில் உள்ள ஸ்டீரியோ அந்நாளைய மிக்ஸா, புதிதாகச் செய்ததா என்பதையும், அந்நாளைய குவாட் மிக்ஸ் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த பெட்டிகள் சிலவற்றில் மட்டுமே இவை எல்லாம் ஒருசேரக் கிடைக்கின்றன.