திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்லூரி ரோயிங் பயிற்சியாளராவது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி எதுவும் ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) பயிற்சியாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. இந்த வேலைக்குள் நுழையும் வாசல் உடற்கல்வித் துறைதான். எம்.பி.எட். என்னும் உடற்கல்வி முதுநிலைப் படிப்பில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்று உடற்கல்வி இயக்குநராகச் சேர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உடற்தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயது வரையுள்ள ஆண்கள் அதில் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் கடக்க வேண்டும். துடுப்புப் போட்டுப் பழகியவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பணியில் சேர்ந்தபின் கிரிக்கெட், கபடி, விளையாட்டு விழா எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அவற்றைக் குறைவின்றி நடத்திக் காட்டினால்தான் ரோயிங்குக்காக முதல்வரிடம் போய் நிற்க முடியும்.

அப்படி நிற்கும்போது படகு கேட்காதீர்கள். ஒருவரே இரு கையிலும் துடுப்புப் பிடித்துச் செலுத்தும் ஒற்றையர் ஸ்கல் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும், விதிப்படி குறைந்தது 14 கிலோ எடையும் உடையது. அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மேல் இராது. அதை நிமிர்த்தி வைத்திருப்பவை இருபுறமும் நீரின்மேல் படிந்திருக்கும் துடுப்புகளே. புதிதாக ஏறியவர் பதறி ஒரு துடுப்பைக் கைவிட்டால், அடுத்த நொடி தண்ணீருக்குள் இருப்பார். ஆதலால் முதலில் நீச்சல், பிறகு தரையில் துடுப்பிழுத்துப் பழகும் இயந்திரமான எர்கோமீட்டர், கடைசியில்தான் படகு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். குறுக்குத்துறைப் படித்துறையில் குதித்து வளர்ந்த மாணவன் தனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் சொல்வான். ஆனால் ஆற்றின் இழுப்போடு கரை சேர்வது வேறு, அசையாத நீரில் உடுப்போடு மிதப்பது வேறு. சட்டை, கால்சட்டையோடு 100 மீட்டர் நீந்தி, அதன்பின் ஐந்து நிமிடம் மிதந்து காட்டாத எவரையும் நான் படகில் ஏற்றுவதில்லை.

எர்கோமீட்டர் ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இருந்தாலும் நான்கு பேர் படகுக்கு ஆகும் செலவை நினைத்தால் அது சிறிய தொகைதான். ஒரே இயந்திரத்தை வைத்து ஓராண்டு முழுவதும் இருபது பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம். வந்த முதல் நாளே மாணவர்கள் இழுவையின் கனத்தை மாற்றும் அதன் பக்கவாட்டுக் கைப்பிடியை 10க்குத் தள்ளிவிட்டு, அதிகம் கனத்தால் அதிகம் பலன் என்று நினைத்துக்கொள்வார்கள். 4க்கு இறக்கி வையுங்கள். பத்தில் வைத்து இழுத்தால் இடுப்பு வலி வருமே ஒழிய வேகம் வராது.

உவரிக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு மாணவனை இங்கே சொல்ல வேண்டும். வள்ளத்தில் வளர்ந்தவன், தோளைப் பார்த்தால் இவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று தோன்றும். எர்கோமீட்டரில் உட்கார்ந்ததும் கையால் இழுத்தான். இழுக்கும் கைப்பிடி வயிற்றைத் தொட்ட பிறகும் முழங்கால் மடங்கியே இருந்தது. எர்கோமீட்டரைப் போலவே இருக்கை முன்னும் பின்னும் நகரும் ரோயிங் படகில் வலுவின் பெரும்பங்கு காலிலிருந்து வருகிறது: கால் நீளும், அதன்பின் முதுகு சாயும், கடைசியாகக் கை மடங்கும், திரும்பும்போது கை, முதுகு, கால் என அந்த வரிசை தலைகீழாகும். இரண்டு வாரம் அவனைக் கையை மடக்கவே விடாமல், காலால் மட்டும் தள்ள வைத்தேன். கடலில் இல்லாத இந்த வித்தை எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான்.

ஆள் தேர்வில் உயரமும் நீண்ட கை கால்களும் உதவும். தண்ணீர்ப் பழக்கம் கட்டாயமில்லை. நாசிக் மாவட்டத்தின் வறண்ட ஊர் ஒன்றில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகனல், இராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் ஸ்கல்லில் 13ஆம் இடம் பெற்றார்.

அடுத்தது இடம். போட்டித் தூரம் 2000 மீட்டர். தாமிரபரணியில் பாறையும் மணல்திட்டும் வளைவும் மாறி மாறி வருவதால் அவ்வளவு நேர்நீர் கிடைப்பது அரிது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை நினைத்தால் வனத்துறைக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறையும் பெரிய குளங்களே கதி. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றும்வரை உங்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். நீர்வளத்துறை அனுமதியோடு, மீன்பாசி குத்தகைக்காரரையும் நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். எங்கே வலை கட்டியிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். நான் அதைக் கேட்காமல் இறக்கிய முதல் நாளில் துடுப்பு வலையில் சிக்கிப் படகு கவிழ்ந்தது. மாணவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலைக்குப் பணம் கட்டினேன். அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடிய பக்கம் போகவே வேண்டாம்.

படகை இறக்குமுன் ஒவ்வொரு நாளும் இரண்டைப் பாருங்கள்: முனையில் வெள்ளை ரப்பர்ப் பந்து இருக்கிறதா, கவிழ்ந்தால் படகோடு பொருத்திய காலணியிலிருந்து பாதம் தானாகக் கழலும்படி குதிகால் கயிறு சரியாக இருக்கிறதா. லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு மீட்புப் படகு பின்னால் வராமல் யாரும் கரையை விட்டு விலகக் கூடாது.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு அணி பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் போகும். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டிலும் 2023இல் கோரக்பூர் ராம்கர் ஏரியில் ரோயிங் நடந்தது. அதோடு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரை ஓட்ட ரோயிங் முதல் முறையாகச் சேர்கிறது. மணலில் ஓடி வந்து படகேறி, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் போய்த் திரும்பி, மறுபடி மணலில் ஓடி முடிக்க வேண்டும். அதற்கான படகு அகலமானது, அலையைத் தாங்கும். அந்த உவரி மாணவனிடம் இதைச் சொன்னபோது, குளத்துக்கு அனுமதி வாங்க நான் அலைந்ததையெல்லாம் பார்த்திருந்தவன், “அப்போ எங்க ஊருக்கே வந்திருக்கலாமே சார்” என்றான்.