வெல்டரா, டர்னரா? ஐ.டி.ஐ.யில் சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் அரசு ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எந்த டிரேடுல சேர்த்தா உடனே வேலை கிடைக்கும் சார்?" பற்றவைக்கும் வெல்டர், லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் டர்னர், மில்லிங் போன்ற இயந்திரங்களில் வேலை செய்யும் மெஷினிஸ்ட் ஆகிய மூவருக்கும் தமிழ்நாட்டில் வேலை இருக்கிறது. ஆனால் சான்றிதழைக் காட்டினால் தொழிற்சாலையின் கேட் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே இரண்டு தகடுகளையோ ஓர் இரும்பு உருளையையோ கையில் கொடுத்து, செய்து காட்டச் சொல்வார்கள். பயிற்சிக் காலம் முழுவதையும் அந்தச் சோதனையை மனத்தில் வைத்தே நடத்த வேண்டும் என்பது பயிற்றுநராக இருந்த என் கருத்து.

முதலில் டிரேடைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். வெல்டர் படிப்பு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவைப்படுபவர்கள் வெல்டர் டிரேடை நாடுவது இயல்புதான். எனினும், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும், ஓராண்டுப் படிப்புக்கு அந்த வழி இல்லை என்பதையும் சேரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பத்தாம் வகுப்பில் தேறாதவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையிலான கடவுச்சீட்டே பொதுவாகக் கிடைக்கும். எனவே எட்டாம் வகுப்போடு வெல்டர் படிப்பில் சேர்ந்தவர் தனித்தேர்வராகவாவது பத்தாம் வகுப்பை முடித்துவிடுவது நல்லது.

இரண்டு வேலைகளின் இயல்பும் வேறு. வெல்டிங்கில் வெப்பமும் புகையும் உண்டு. குனிந்தும் படுத்தும் அண்ணாந்தும் கை நடுங்காமல் வேலை செய்ய வேண்டும். லேத்திலும் மில்லிங்கிலும் உடல் சிரமம் குறைவு, கணக்கும் அளவும் அதிகம். தசமப் புள்ளியைக் கண்டு அஞ்சும் பிள்ளையை அங்கே சேர்த்தால் இரண்டாண்டும் வீண்தான். ஊரையும் பார்க்க வேண்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றிக் கொதிகலன் சார்ந்த ஃபேப்ரிகேஷன் வேலை வளர்ந்ததால் அங்கே நல்ல வெல்டருக்கு மதிப்பு உண்டு. அந்நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. கோவையின் பம்ப், மோட்டார் பட்டறைகளிலும், ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களின் ஆபரேட்டருக்கும், அவற்றை வேலைக்குத் தயார்செய்யும் செட்டருக்கும் வேலை அதிகம்.

அரசு ஐ.டி.ஐ.க்களில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியார் நிறுவனமானால், அந்த டிரேடுக்குத் தேசிய அளவிலான என்.சி.வி.டி. அங்கீகாரம் உள்ளதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். விளம்பரப் பலகையையும் வகுப்பறையையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் பட்டறைக்குள் போய், இருக்கும் லேத்துகளில் எத்தனை ஓடுகின்றன, ஒன்றுக்கு எத்தனை பேர் என்று விசாரியுங்கள். வெல்டிங் பிரிவில் கழிவுத் தொட்டியைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இருபுறமும் பீடு (உருகிய உலோக வரி) ஓட்டி ஓட்டி இடமே மிச்சமில்லாத தகடுகள் அதில் குவிந்து கிடந்தால், அங்கே பிள்ளைகளுக்குத் தாராளமாக ராடு (பற்றவைப்புக் கம்பி) கொடுக்கிறார்கள் என்று பொருள்.

வெல்டிங் கற்பவர் முதல் சில வாரங்களுக்கு இணைப்பு எதையும் செய்ய ஆசைப்படாமல், தட்டையான தகட்டில் நேர்க்கோடாகப் பீடு ஓட்ட வேண்டும். 3.15 மி.மீ. கனமுள்ள 6013 வகை ராடுக்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வரை மின்னோட்டம் தேவைப்படும். ராடு முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்வில்லின் நீளம் ராடின் கம்பிக் கனத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சரியாக அமைந்தால் எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் ஓசை கேட்கும். ராடைத் தூக்கிப் பிடித்தால் அது கரகரத்துப் பொறி தெறிக்கும். ராடு தீர்ந்து புதியது மாற்றும் இடம்தான் பலரும் தோற்கும் இடம். பழைய பீடின் முனைப்பள்ளத்துக்குச் சற்று முன்னால் வில்லைப் பற்றவைத்து, பின்னால் இழுத்துப் பள்ளத்தை நிரப்பி, பிறகே முன்னேற வேண்டும். ஆய்வாளரின் கண் முதலில் போவது அந்த இணைப்புக்குத்தான்.

வேலைக்கான சோதனையில் பெரும்பாலும் 3ஜி எனப்படும் செங்குத்து நிலையைக் கேட்பார்கள்; குழாய் வேலைக்கு 45 பாகை சாய்வில் நிலையாகப் பொருத்திய 6ஜி குழாயைக் கேட்பார்கள். அங்கே கொடுப்பது பெரும்பாலும் 7018 வகை ராடு. அது ஈரத்தை உறிஞ்சினால் பற்றவைப்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் உண்டாகும் என்பதால், உற்பத்தியாளர் சொல்லும் வெப்பத்தில், பொதுவாக 300 முதல் 350 பாகை செல்சியஸில், சுட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். தேர்வன்று திறந்து கிடக்கும் ராடு கட்டைக் கொடுத்தால், சுட்டதுதானா என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியே உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும். ரூட் ரன், அதாவது இணைப்பின் அடியில் ஓட்டும் முதல் பீடு, போடும்போது சாவித்துளை போன்ற சிறு திறப்பு முன்னே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அது மூடிவிட்டால் அடிப்பகுதி உருகிச் சேரவில்லை. மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும், வளைத்துப் பார்க்கும் சோதனையில் அந்த இடம் வாயைப் பிளந்துவிடும்.

லேத்துக்கு வருவோம். வேகத்தைக் கண்மதிப்பில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட வேண்டும். 25 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் உருளையை ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைவதாகக் கொள்வோம். 30-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் 25-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 382 சுற்றுகள் வரும். இயந்திரத்தில் அதற்கு அடுத்த குறைந்த வேகத்தை வைக்க வேண்டும்.

டிராயிங்கில் 25 ஹெச்6 என்று சிறிய ஹெச் எழுத்துடன் ஷாஃப்ட் ஒன்று வந்தால், அதன் விட்டம் 25.000-க்கும் 24.987-க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்தச் சலுகையே 0.013 மி.மீ.தான். கடைந்து முடித்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்து 24.990 என்று பார்த்து மகிழும் மாணவரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பீஸ் (கடையும் பொருள்) அறை வெப்பத்தைவிட 40 பாகை கூடுதலாக இருந்தால், 25 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.012 மி.மீ. பெருத்திருக்கும். ஆறிய பிறகு அது 24.978 ஆகிவிடும், இரும்புக் கழிவில் போட வேண்டியதுதான். ஆகவே கடைசி வெட்டுக்கு முன் பீஸை ஆறவிட்டு அளக்க வேண்டும்.

சி.என்.சி.யில் நிரலை எழுதுவதைவிட ஆஃப்செட்டை, அதாவது டூல் நிற்கும் இடத்துக்கான திருத்த எண்ணை, மாற்றுவதே ஆபரேட்டரின் அன்றாட வேலை. விட்டம் 0.04 கூடுதலாக வந்தால், அந்த டூலின், விட்டத்துக்கான எக்ஸ் அச்சின் தேய்மான ஆஃப்செட்டில் 0.04-ஐக் கழிக்க வேண்டும். அவசரத்தில் கூட்டல் குறி போட்டால் அடுத்த பீஸ் 0.08 கூடுதலாக வரும். தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டால் டூலோ பீஸோ பாழாகும். உள்ளிட்ட எண்ணை வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுச் சுழற்சியைத் தொடங்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றி எல்லாரும் சொல்வதைத் திரும்பச் சொல்லவில்லை. சுழலும் லேத்தில் கையுறை கூடாது. துத்தநாகம் பூசிய தகட்டின் பூச்சை நீக்காமல் காற்றோட்டமற்ற இடத்தில் பற்றவைக்கக் கூடாது. பீஸைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தைப் போட்ட ஒரு பட்டறையில் நான் இருந்தேன். சாவி என் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டது. அன்றிலிருந்து, சாவி கையை விட்டால் மேசைக்குத்தான் போக வேண்டும் என்பது என் வகுப்பின் விதி.

ஐ.டி.ஐ. முடித்ததும் கையில் வருவது தேசிய தொழிற்சான்றிதழ். அதோடு நிற்காமல், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்வது நலம். சேரும் முன், எந்த இயந்திரத்தில் நிற்கப் போகிறோம் என்று கேளுங்கள். பெரிய பெயருள்ள தொழிற்சாலையில் ஆண்டு முழுவதும் பிசிறு சீவிக்கொண்டிருப்பதைவிட, சிறிய பட்டறையில் நாலு வகை வேலை பார்ப்பது கைக்கு நல்லது. பல தொழிற்சாலைகளில் கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாள், பொருள், கனம், ராடு அல்லது இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை), மின்னோட்டம் அல்லது சுற்று, பீஸ் ஏன் கழிந்தது என்பவற்றை அன்றாடம் எழுத வேண்டும். நேர்முகத்தில், முன்பு செய்த வேலையைப் பற்றிக் கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்ல அது உதவும்.

வெல்டராகத் தகுதிச் சோதனையில் தேறியவர்கள் மேலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, தேறிய வெல்டிங் முறையை ஆறு மாதங்களுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால் அம்முறைக்கான தகுதி காலாவதியாகும். எனவே ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்ததற்குப் போகும் முன், எந்த முறையில் எந்தத் தேதி வரை வேலை செய்தோம் என்பதை நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்த பிறகு அந்தக் காகிதத்தைப் பெறுவது எளிதன்று.