இலங்கை மலையகத்தில் இரவுப் பயணத்துக்குப் பெண் சாரதி: ஏற்பாடு செய்வது எப்படி?

ஹட்டன், பண்டாரவளை போன்ற டவுன்களில் பிக்மி, ஊபர் செயலியில் வண்டி கிடைத்தாலும், இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் வரச் சாரதிகள் தயங்குவார்கள். பெண் சாரதிதான் வேண்டுமென்றால் செயலியை மட்டும் நம்பி இருக்க முடியாது. முன்கூட்டியே நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

1. பகலிலேயே ஆளைத் தேடுங்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆட்டோக்களைக் கவனியுங்கள். அதில் பெண்கள் ஓட்டினால், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடமே விசாரித்து இலக்கத்தை வாங்கலாம். முதல் ஹயரை (வாடகைப் பயணத்தை) பகலில் போய்ப் பாருங்கள்.

2. திரும்பிப் போகும் கூலியையும் பேசுங்கள். பெண் சாரதிகள் இரவு ஹயரை மறுக்க முக்கியக் காரணம் உங்களை இறக்கிவிட்ட பிறகு வரும் பயணம்தான். அதே தேயிலைக் காட்டுப் பாதையில் அவர் தனியாக, வெறும் வண்டியோடு திரும்ப வேண்டும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "அக்கா, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலருந்து மேல் டிவிஷனுக்கு வருவீங்களா? திரும்பிப் போறதுக்கும் சேர்த்துத் தாரேன். கோயில் வரைக்கும் கொங்ரீட், அதுக்கு மேல கல்லுப் பாதை." பாதையை மறைத்தால் பாதியில் இறங்கி நடக்க நேரிடும். துணைக்கு அவர் வீட்டார் ஒருவரை அழைத்து வந்தால் சம்மதியுங்கள். ஆனால் ஆட்டோவில் பயணிகள் மூன்று பேர்தான் ஏறலாம், அதையும் கணக்கில் எடுங்கள்.

3. சிக்னல் இருக்கும்போதே தகவல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று பகிரலாம். 8 மணியைத் தெரிவு செய்யுங்கள். டேட்டா போனால் வரைபடத்தில் குறி கடைசி இடத்திலேயே நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் வண்டி நிற்கிறது என்று பதறுவார், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார். ஆகவே வண்டி இலக்கம், புறப்பட்ட நேரம், சேர வேண்டிய நேரம் மூன்றையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். டேட்டா இல்லாத இடத்திலும் அது பெரும்பாலும் போய்ச் சேரும். ஹட்டனிலிருந்து நுவரெலியா போவதென்றால் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா தாண்டும்போது ஒவ்வொரு மிஸ்ட் கோல் போதும்.

4. ஏறும் முன் பாருங்கள். செயலியில் பிடித்த வண்டியானால் இலக்கத் தகட்டையும் சாரதியின் முகத்தையும் ஒப்பிடுங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், "யாருக்கு வந்தீங்க?" என்று கேளுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் ஏற வேண்டாம்.

5. வழி மாறினால் உடனே போனில் சத்தமாகப் பேசுங்கள். கடையோ லயமோ (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கும் வெளிச்சமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்கள் உதவிச் சேவை 1938. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். முறைப்பாடு செய்ய வண்டி இலக்கமும் நேரமும் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது படியில் அனுப்பிய எஸ்எம்எஸ் அப்போது கைகொடுக்கும்.

6. சாரதி வீடு சேரும்வரை விழித்திருங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதுதான். டவுனுக்கு இறங்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வையுங்கள், சேர்ந்ததும் போன் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டி அரை மணியாகியும் போன் வராவிட்டால் முதலில் அவருக்கு, பிறகு அவர் வீட்டுக்கு எடுங்கள். அங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால் தாமதிக்காமல் 119ஐ அழையுங்கள்.