பனிக்காலத்தில் பூநகரிக் கரைக்குச் சோடியாகப் போகிறீர்களா?

தை, மாசி வந்தால் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன்–பூநகரி வீதியில் விடியப்புறம் சோடி சோடியாக வாகனங்கள். புகார் (மூடுபனி) மூடிய வயல், பனங்கூடல், கடைசியில் சங்குப்பிட்டிக் கடல்நீரேரி. ஆறுதலாகப் பார்க்க வேண்டிய கரைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் வருசா வருசம் அதே பிழைகளையே விடுகிறார்கள். ஹெல்மெட், பெற்றோல், குடிதண்ணீர் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விடுவோம்.

சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுவது

மழை ஓய்ந்து, வானம் வெளித்து, காற்று அசையாத இரவுகளில்தான் புகார் விழும். ஈரநிலம் குளிர, அதன்மேல் நிற்கும் காற்றின் ஈரம் துளியாகிறது. வெயில் ஏற, பெரும்பாலும் 9 மணிக்குள் கலைந்துவிடும். 5.30க்கே வெளிக்கிடுங்கள். இரவு முழுக்கக் காற்றடித்தால் புகாரை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய லைற் போட்டு ஓடுவது

வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம் போட்டு மெதுவாகப் போங்கள். காலபோக நெல் அறுவடை நேரம். பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி திடீரென்று முன்னால் நிற்கும்.

தரவைக்குள் வாகனத்தை இறக்குவது

எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்கள், அதுதான் எரிச்சல். கரையோரத் தரவை (உவர் வெளி) மேலே காய்ந்து, உப்புப் பூத்து, மைதானம் மாதிரித் தெரியும். தண்ணீர் விளிம்பில் காரோடு படமெடுக்க ஆசைப்பட்டு இறக்கிவிடுவார்கள். காய்ந்திருப்பது மேல் ஓடு மட்டும். கீழே மழையில் ஊறிய களி. ஆள் நடந்தால் தாங்கும், காரின் பாரத்துக்கு உடையும். புதைகிறதென்று பயந்து அக்சிலேற்றரை மிதிப்பார்கள். சில்லு சுழன்று களியைக் கிண்ட, காரின் அடிவயிறு நிலத்தில் குந்திவிடும். பிறகென்ன, வீதிக்கு ஓடிவந்து, "அண்ணை, உழவு மெசின் ஒண்டு பிடிக்கேலுமோ?" அறுவடை நேரத்தில் மெசின் இலேசில் கிடைக்காது.

முதலில் இறங்கி நடந்து, குதிக்காலால் ஓங்கிக் குத்திப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறினாலோ களி ஒட்டினாலோ வாகனம் வீதியோரத்திலேயே நிற்கட்டும். புதைந்துவிட்டால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். சில்லுக்குப் பின்னால் உள்ள களியை வழித்து, பனையோலையை மடித்துக் கொடுத்து, ரயர்க் காற்றை 18 psi அளவுக்கு இறக்கி, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுங்கள். கயிற்றை இழுவைக் கொளுக்கியில் கட்டுங்கள். பம்பரில் கட்டினால் அது கழன்றுவரும். தார்வீதியில் வேகமெடுக்க முன் காற்றடியுங்கள். அன்றைக்கே அடிப்பக்கத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக்களி காய்ந்தால் இரும்பைத் தின்னும்.

மோட்டார் சைக்கிள் என்றால் சைட் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக்கல் வையுங்கள்.

பாலத்தில் நிறுத்துவது

வேண்டவே வேண்டாம். சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர். கடந்துபோய் ஒதுக்கி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

கௌதாரிமுனையை மத்தியானத்துக்கு வைப்பது

பூநகரிப் பக்கத்து மணல்முனை இது. மத்தியானம் மணல் சுடும். புகார் கலைந்த கையோடு மணல்மேடுகளையும் மண்ணித்தலைச் சிவன் கோயிலையும் பாருங்கள்.

சிவப்பு மிதிவெடிப் பலகையைத் தாண்டுவது

அப்பால் ஒற்றையடிப்பாதை தெரிந்தாலும் திரும்புங்கள்.