விட்டுப்போன வெள்ளை எலி கிடைத்தால்

யாரோ பெட்டியோடு விட்டுப்போன வெள்ளை எலிகளைப் பார்த்தால், பாவமென்று தோட்டத்தில் திறந்துவிடாதீர்கள். வளர்ப்பு எலிக்கு வெளியே பிழைக்கத் தெரியாது; பூனைக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும். வாலைப் பிடித்துத் தூக்காமல் இரு கையாலும் ஏந்தி, காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விடுங்கள். அட்டைப்பெட்டியா? விடிவதற்குள் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்! அடியில் கிழித்த காகிதம் போதும்.

அப்புறம், அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். வளர்ந்த ஆணின் விதைப்பை பளிச்சென்று தெரியும், சந்தேகமே வராது. 5 வாரக் குட்டிகூடச் சினையாகலாம். 3 வாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஈன்றுவிடும்.

கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது ரத்தமல்ல, மிரட்சியில் சுரக்கும் நிறமி. இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ மூச்சில் கீச்சொலி கேட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.